சர்க்கரை கேட்டு வந்தவர்கள்

மும்பை
16.6.2024

அன்புள்ள பிரேமா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் மாலதி எழுதுவது. நான், அம்மா, தம்பி சுரேந்திரன் மூவரும் உயிரோடும் உடம்போடும் கொஞ்சம் பேன் தொல்லையோடும் இருக்கிறோம். நீங்களும் பூதத்தான் மாமாவும் ஆடுகளும் எப்படி?

மேலே வெறும் 'மும்பை' என்று போட்டிருப்பதைப் பார்த்து, மும்பை முழுவதையும் நான் விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். முகவரி எழுதக் கூடாது. நாங்கள் ஒரு காப்பகத்தில் இருக்கிறோம். பெயர்தான் காப்பகம், காப்பி கிடையாது, டீதான். அடி வாங்கிய பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்கும் இடம். செம்பூரா, மான்குர்த்தா, டிராம்பேயா என்று கேட்டால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மூன்றுமே இல்லாமலும் இருக்கலாம். போன் வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. போனை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது.

அப்பா அம்மாவை அடிப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது எல்லை மீறிப் போய்விட்டது. என்ன காரணம் என்று எழுத மாட்டேன். எழுதினால் ஒரு காரணம் இருந்ததுபோல ஆகிவிடும். அம்மாவுக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறது.

இதிலும் ஒரு சிரிப்பு உண்டு. எங்கள் தாராவியில் சந்துக்குக் கல்லி என்று பெயர். எங்கள் கல்லியைப் போன்ற ஒரு கடன்காரக் கல்லி உலகத்திலேயே கிடையாது. வீட்டில் அடி விழுந்துகொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சர்க்கரை தீரும். கோமதியம்மாள் டம்ளரோடு வருவாள். அவள் போவதற்குள் முப்பிடாதியம்மாள் சல்லடை கேட்டு வருவாள். அதற்குப் பின்னால் ஷமீமா காலா, அதாவது ஷமீமா சித்தி, ஏலக்காய் கேட்டு நிற்பாள். நேரம் காலம் தெரியாத ஜென்மங்கள்! அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் கால் வைக்க இடமில்லை. கோமதியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, "எளா இசக்கி, நீயே வந்து எங்க டப்பாவுல அளந்து கொட்டு தாயி" என்றாள். அம்மா அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் சுரேனும் பின்னாலேயே போனோம். அப்படியே டாக்ஸி, ஆஸ்பத்திரி, இந்த இடம். டம்ளர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

சுரேன் பேசுவதைக் குறைத்துவிட்டான். மத்தியானம் படுக்கும்போதுகூட ஷூவைக் கழற்றுவதில்லை. "ஓடணும்னா?" என்று கேட்கிறான். எட்டு வயதுக்கு இது பெரிய யோசனை.

உங்களுக்கு எழுதுகிறேன் என்றதும் அம்மா முகம் மாறியது. "அவ அண்ணனுக்குத் தங்கச்சிட்டி" என்றாள். நான்தான் அடம்பிடித்தேன். போன வருஷ லீவில் மாமாவின் செருப்புக்குள் நான் தவளை விட்டபோது, நீங்கள் செய்ததாகச் சொல்லிப் பழியை ஏற்றுக்கொண்டீர்கள். அப்படிப்பட்ட ஆள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பது என் கணக்கு. உறையின் பின்னால் ஒட்டியிருப்பது எங்களுக்கு உதவும் நூர் நிஷா அக்காவின் ஆபீஸ் விலாசம். பதிலை அங்கே அனுப்புங்கள், அவர் கொண்டுவந்து தருவார்.

இப்படிக்கு
முகவரி இல்லாத மருமகள்
மாலதி


ஆலங்குளம்
2.7.2024

அன்பு மருமகள் மாலதிக்கு அத்தை பிரேமலதா எழுதிக்கொண்டது. இங்கே மாமா நலம். ஆடுகள் நலம். சினை ஆடு குட்டி போட்டுவிட்டது. அங்கே மைனி தலைக்காயம் ஆறிவிட்டதா? சுரேன் சாப்பிடுகிறானா?

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு எனக்கு வேலை ஓடவில்லை. பீடி சுற்றச் சுற்ற இலை கிழிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் பெரியவள் என்ற முறையில் சொல்கிறேன், மைனி செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அண்ணன் போனில் அழுதான். நீங்கள் எங்கே என்று கேட்டான். நான் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஆனால் கை நீட்டாத புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்? நாலு பேர் பார்க்க வீட்டை விட்டுப் போய், கோர்ட்டு கேஸு என்று ஆனால் நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன சொல்வது? பொறுத்துப் போனால் ஒரு நாள் சரியாகும். வயது ஆக ஆகக் கை தளரும். மைனியிடம் இதைப் பதமாகச் சொல்.

இன்னொன்று. இனிமேல் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போடாதே. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை ஆடு தின்றுவிட்டது. கீழே நான் சுற்றிய பீடியைக் கொடுக்கிற கம்பெனி பிராஞ்சு விலாசம் இருக்கிறது. என் பெயர் போட்டு அங்கே அனுப்பு.

அன்புடன்
அத்தை


மும்பை
14.7.2024

அன்புள்ள அத்தைக்கு, மழையில் ஊறிப்போன மாலதி எழுதுவது. அம்மாவின் தையல் பிரித்தாயிற்று. சுரேன் சாப்பிடுகிறான், என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறான். குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? கடிதத்தையே தின்கிற ஆட்டின் குட்டி படித்த குட்டியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னதை அம்மாவிடம் பதமாகச் சொன்னேன். அம்மா பதமாகவே, "கை தளர்ற வரைக்கும் எந்தலை தாங்கணுமில்லா?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

நூர் நிஷா அக்கா யாரென்று சொல்கிறேன். அவருக்குக் கவுன்சலர் வேலை. முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவர் அம்மா கையைப் பிடித்து, "நான் கவுன்சலர், உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று கேட்டதும், தலையில் கட்டோடு இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, கல்லிக் குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுத்துவிட்டாள். ஓட்டு வாங்கிப் போன வார்டு கவுன்சிலர்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைப்பு! நூர் நிஷா அக்கா சிரிக்கவில்லை. குழாய்ப் புகாரையும் எழுதிக்கொண்டார். இப்போது தண்ணீர் வருகிறதாம்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு நாள் நூர் நிஷா அக்காவிடம் எங்கள் கல்லிப் பெண்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். டம்ளர் தூக்கிக் கோமதி, சல்லடை முப்பிடாதி, ஏலக்காய் காலா என்று ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் ரசித்துவிட்டு, "உங்க வீட்டுல அடி விழாத நாள்ல கோமதியம்மா என்னைக்காச்சும் சர்க்கரை கேட்டு வந்திருக்காங்களா?" என்றார்.

யோசித்தேன். வந்ததில்லை, அத்தை. ஒரு நாள்கூட வந்ததில்லை.

அதுதான் அவர்களுடைய வேலையாம். போலீஸ் வர நேரமாகும், வந்தாலும் குடும்ப விஷயம் என்று போய்விடும். ஆனால் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் டம்ளரோடு நிற்கும்போது எந்த ஆம்பளைக்கும் அடிக்கக் கை வராது. அந்த வெட்கத்தைக் கண்டுபிடித்தது எங்கள் கல்லிப் பெண்களேதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குச் சட்டதிட்டம்கூட உண்டு. "ஏன் அடிக்கிற?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவர்கள் போன பிறகு அதற்கும் சேர்த்து விழும். ஏதாவது ஒரு பொருள்தான் கேட்க வேண்டும். கொடுக்கும்வரை நகரக் கூடாது. ஒருத்தி திரும்புவதற்குள் அடுத்தவள் கிளம்பியிருக்க வேண்டும். வீட்டுக்காரியைத் தவிர வேறு யார் கையாலும் வாங்கக் கூடாது. அப்போதுதான் அவள் எழுந்து நிற்கிறாளா, நடக்கிறாளா என்று பார்க்க முடியும். நூர் நிஷா அக்காவின் ஆபீஸ் பிறகுதான் இவர்களைத் தேடிப் போய், டாக்ஸிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வக்கீலுக்கும் வழி காட்டியிருக்கிறது.

இதில் என் கூத்து ஒன்று உண்டு. ஒரு தடவை கோமதியம்மாள் டம்ளரில் நான் சர்க்கரைக்குப் பதில் உப்பை நிரப்பி அம்மா கையில் கொடுத்தனுப்பினேன். டீயில் போட்டுக் குடித்துவிட்டு ஆடுவாள் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த தடவையும் அதே டம்ளரோடு வந்து, அதே குரலில் சர்க்கரை கேட்டாள். நாக்கு செத்தவள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

அவள் சர்க்கரைக்கு வரவே இல்லை, அத்தை. எத்தனை வருஷம்! எனக்கே வாய் அடைத்தது என்றால் ஆடு கடிதம் படித்ததையும் நம்பலாம்.

இப்படிக்கு
உப்பு வியாபாரி
மாலதி


ஆலங்குளம்
27.8.2024

அன்பு மருமகள் மாலதிக்கு அத்தை எழுதியது. மாமா நலம். ஆடுகள் நலம். குட்டிக்கு வெள்ளச்சி என்று பெயர்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிணற்றடியில் வழுக்கி வலது கை எலும்பு விரிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. பீடி சுற்ற முடியவில்லை. ஆனாலும் பிராஞ்சுக்குப் போய் உட்கார்ந்து வருகிறேன்.

நீ சர்க்கரை பற்றி எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். எங்கள் பிராஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். அவள் கேட்கச் சொன்னாள். நீங்கள் இருப்பதுபோன்ற இடத்தில் பிள்ளை இல்லாத பெண்களையும் சேர்ப்பார்களா? கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆனவர்கள் போனால் இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்பார்களா? சும்மா கேட்கிறாள்.

மைனியிடம் நான் முன்னால் சொல்லி அனுப்பியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அத்தை


மும்பை
8.9.2024

அன்புள்ள அத்தைக்கு, மாலதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கை எப்படி இருக்கிறது என்று உங்களையே கேட்கிறேன். மாமாவையும் வெள்ளச்சியையும் இந்தத் தடவை கேட்கவில்லை.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில். நூர் நிஷா அக்காவிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பிள்ளை இல்லாதவர்களையும் சேர்ப்பார்கள். இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே எங்களோடு இருக்கும் பீவி அம்மாவுக்குப் பேரன் இருக்கிறான். அவர் வந்த அன்று, "இத்தனை வருஷம் இருந்துட்டு இப்ப வந்திருக்கேன், வெக்கமா இருக்கு" என்று அழுதார். அதற்கு நூர் நிஷா அக்கா, "இன்னைக்கு வந்துட்டீங்கள்ல? சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். தமிழ்நாட்டிலும் இப்படி இடங்கள் உண்டு. 181 என்று போன் போட்டால் போதும், காசு கிடையாது. போன் போட வழியில்லாவிட்டால், அந்தப் பெண் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்கா அங்கே உள்ளவர்களிடம் பேசுவார். அவர்கள் பீடி பிராஞ்சுக்கே வந்து பார்ப்பார்கள்.

ஆனால் அவள் வாயால் சரி என்று சொல்லும்வரை யாரும் ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாதாம். இது அக்காவின் கண்டிப்பான விதி. நான் இதை எதிர்த்து ரொம்ப நேரம் சண்டை போட்டேன். உடனே ரயிலேறிப் போய்க் கூட்டி வரலாம் என்றேன். "அவளைக் கேக்காம அவ வாழ்க்கையில முடிவெடுக்க ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கான். நீ ரெண்டாவது ஆளா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். குழந்தைகள் அறையில் பரீஹா என்று ஒரு டீச்சர் இருக்கிறார். சுரேன் ஷூவோடு படுப்பதைப் பார்த்து, கழற்று என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மறுநாள் அவரும் ஷூவோடு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். தினமும் அப்படியே. மும்பை மழையில் நாள் முழுக்க ஷூ போட்டால் கால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். போன வாரம் சுரேன் ஒரு ஷூவைக் கழற்றினான். அவரும் ஒன்றைக் கழற்றினார். இப்போது இருவரும் ஒற்றை ஷூவோடு நொண்டியடிக்கிறார்கள். நான் இதைக் கேலி செய்ய வாயைத் திறந்தேன். வரவில்லை, அத்தை. கோவிலுக்குள் நிற்பதுபோல இருந்தது.

ஒரு கேள்வி. போன வருஷம் தவளை விஷயத்தில் பழியை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, நான் ரயிலேறிய பிறகு,

வேண்டாம். அந்தப் பெண்ணைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் வீட்டு வாசலில் யாராவது டம்ளரோடு வந்து நின்றால் அவளுக்குச் சம்மதமா என்று மட்டும் கேளுங்கள். அவசரமில்லை.

மாலதி


ஆலங்குளம்
30.9.2024

மாலதிக்கு,

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்றைக்குச் சொன்னாள். யாராவது கடன் கேட்டு வந்தால் நல்லதுதான் என்கிறாள். பேச வருகிறவர்கள் பிராஞ்சுக்கு வரட்டும், கடன் கேட்பவர்கள் வீட்டுக்கே வரட்டும், அவர் பார்க்கட்டும் என்கிறாள்.

அவள் வீட்டு விலாசம் கீழே.

மேலத் தெரு, வேப்பமரத்து வீடு, ஆலங்குளம்.


தாராவி, மும்பை
13.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

மேலே பாருங்கள், முகவரி! நாங்கள் எங்கள் கோலிக்கே திரும்பிவிட்டோம். கோலி என்றால் நீங்கள் விளையாடிய கோலி இல்லை, எங்கள் ஒற்றை அறை வீடு. அம்மாவும் நாங்களும் இங்கே இருக்கலாம், அப்பா இந்தக் கல்லிக்குள் வரக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. அப்பா குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தங்கியிருக்கிறாராம். அம்மா மாட்டுங்கா மெஸ்ஸில் மறுபடி வேலைக்குப் போகிறாள். சுரேன் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டான். இப்போது பள்ளிக்கூடம் போகத்தான் போட மாட்டேன் என்கிறான்.

நீங்கள் எழுதிய விலாசத்தைப் படித்தேன். வேப்பமரத்து வீடு. அந்த மரத்தில்தான் போன வருஷம் ஏறிச் சட்டையைக் கிழித்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டினேன். அம்மா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் நான் எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுவிட்டோம் என்று.

திரும்பி வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பூட்டைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கோமதியம்மாள் ஒரு பெரிய டின்னோடு வந்தாள். "இந்தா இசக்கி, உன் சர்க்கரை" என்றாள். இத்தனை வருஷம் வாங்கிப் போன அத்தனையும், அத்தை! ஒரு ஸ்பூன்கூட எடுக்கவில்லை. எறும்பு ஏறாமல் கிராம்பு போட்டு மூடி வைத்திருக்கிறாள். முப்பிடாதியம்மாள் சல்லடையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஷமீமா காலா ஏலக்காயைத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். கோலியில் நிற்க இடமில்லை. கடைசியில் கோமதியம்மாள் என் கையில் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தால் உப்பு. "இது ஒன் கணக்கு மவளே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த டின்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எங்கள் அம்மா உயிர் பிழைத்த நாட்களின் எடை மாதிரி இருந்தது.

அந்தச் சர்க்கரையிலேயே கேசரி கிண்டினோம். சாப்பிட்டுக்கொண்டே ஆலங்குளத்துப் பெண்ணின் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஆலங்குளத்து வாசலுக்கு எப்படி டம்ளர் கொண்டுபோவது? அப்போதுதான் என் மண்டையில் மணியடித்தது. நடந்து போக முடியாவிட்டால் தபாலில் போகலாமே! மூடிய உறை இல்லை, திறந்த கார்டு. போஸ்ட்மேன் படிக்கட்டும், தெரு படிக்கட்டும், படிக்க வேண்டியவரும் படிக்கட்டும்.

நூர் நிஷா அக்கா முதலில் யோசித்தார். கோபப்பட்டு இன்னும் அடித்தால் என்ன செய்வது என்றார். பிறகு அங்கே உள்ளவர்களிடம் பேசினார். அவர்கள் அடுத்த வாரம் பிராஞ்சுக்கு வந்து அந்தப் பெண்ணைப் பார்ப்பார்கள். அவள் அவர்களிடம் நேரில் பேசி, அவசரத்துக்குப் போக இடம் தயார் என்று தெரிந்த பிறகுதான் முதல் கார்டு கிளம்பும். நடுவில் அவள் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திவிடுவோம்.

கார்டுகள் தயார். கோமதியம்மாள்: "தாயி, ஒரு டம்ளர் சர்க்கரை இருக்குமா? நாளைக்கும் வருவேன்." முப்பிடாதியம்மாள்: "உங்க சல்லடை கொஞ்சம் வேணும். நீங்களே எடுத்துத் தரணும்." ஷமீமா காலாவுக்குத் தமிழ் எழுத வராது, இந்தியில் எழுதினாள். போஸ்ட்மேன் திணறட்டும். சுரேன்: "ஒரு ஆடு கடன் வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன்." மற்றக் கல்லிப் பெண்களும் எழுதித் தள்ளிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன், கை வலிக்கிறது.

அம்மா கடைசியில் எழுதினாள். இரண்டே வரி. "பிரேமா, டம்ளர் என்கிட்ட இருக்கு. மைனி."

மாலதி


தாராவி
24.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள்?

கார்டுகள் எல்லாம் போய்விட்டன. பிராஞ்சில் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசியதாக நூர் நிஷா அக்காவுக்குத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால், "அவங்களே எழுதுவாங்க, பொறு" என்கிறார். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போஸ்ட்மேனை நான் வழிமறித்து வழிமறித்ததில் அவர் இப்போது வேறு கல்லி வழியாகப் போகிறார். கோமதியம்மாள் தினமும் வாசலில் நின்று, "வந்துச்சா மவளே?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். கையில் டம்ளர் இல்லாமல் அவள் வந்து நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

சிரிப்பாக எழுத எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. ஒரு வரி போதும், அத்தை. இடது கையால் ஆனாலும்.

மாலதி


(ஊர் எழுதக் கூடாதாம்)
5.1.2025

என் செல்ல மருமகளுக்கு அத்தை பிரேமலதா எழுதிக்கொண்டது. மைனியும் சுரேனும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வலது கையால் எழுதுகிறேன், பார்த்தாயா?

முதல் கார்டு வந்த அன்று மாமா அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "எவ எளா இவ, பம்பாயிலயிருந்து சக்கரை கேக்கா?" என்றார். நான், "தெரிஞ்சவங்கதான்" என்றேன். இரண்டாவது கார்டுக்குச் சிரிக்கவில்லை. மூன்றாவதைக் கிழித்தார். அதற்கு மறுநாள் போஸ்ட்மேன் தெருமுனையிலேயே நின்று சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். இந்தியில் வந்த கார்டைப் படிக்க வாத்தியாரைக் கூப்பிட்டார்கள், தெருவே கூடிவிட்டது. "உன் பொண்டாட்டிக்கு இத்தன சினேகமா?" என்று கேட்டவர்களுக்கு மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, என்னைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நான் கார்டுகளைப் பிராஞ்சுக்குக் கொண்டுபோய், மறந்துவிட்டதுபோலத் தட்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்கிப் படித்தார்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, மாமா முற்றத்தில் கையை ஓங்கினார். சுரேன் ஆடு கேட்ட கார்டு அன்றைக்குத்தான் வந்திருந்தது. அடி விழவில்லை, மாலதி. மாமாவின் சத்தம் கேட்டோ என்னவோ, வாசலில் ஒரு குரல்: "பிரேமா, ஒரு கட்டு நூலு இருக்கா?" பிராஞ்சுப் பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி: "கத்தரி இருக்கா?" அப்புறம் ஒருத்தி சொளகு, அதுதான் பீடி சுற்றுகிற முறம், கேட்டாள். அவள் இடுப்பிலேயே ஒரு சொளகு இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தெரு முழுக்கப் பெண்கள். என்னோடு இத்தனை வருஷம் உட்கார்ந்து இலை வெட்டியவர்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள். உங்கள் கல்லியை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோமதியம்மாள் எப்படி நின்றிருப்பாளோ, அப்படியே நின்றார்கள். மாமாவின் ஓங்கிய கை அடிக்காமலே கீழே வந்தது. நான் பார்த்தேன்.

"நீயே வந்து எடுத்துக் குடு பிரேமா" என்றாள் ஒருத்தி. கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர்களில் ஒருத்தி போன் போட்டிருக்கிறாள், பிராஞ்சுக்கு வந்து பேசிய அம்மாவின் வண்டி முக்கில் நின்றது. வெள்ளச்சியை முதலில் குரல் கொடுத்தவளிடம் விட்டிருக்கிறேன். உன் தம்பிக்குத்தான், ஓட்டிப் பார்க்கட்டும்.

நீ பிராஞ்சுக்கு எழுதிய கடிதம் இங்கே வந்து சேர இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அண்ணன் பிராஞ்சுக்குப் போன் பண்ணினான் என்று சொன்னார்கள். இந்தத் தடவை நான் பேசவில்லை. மைனியிடம் சொல், அன்றைக்குப் பொறுத்துப் போ என்று எழுதியது இந்தக் கை இல்லை, பயம். டம்ளரைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் தவளைக் கேள்வியைப் பாதியில் நிறுத்தினாயே, அதை முடிக்க வேண்டாம். அது நீ செய்த விளையாட்டு. மற்றது நீ செய்ததில்லை.

இன்னொன்று. இங்கே சமையலறையில் நேற்று ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லக்கூடப் பயந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து போய் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எப்போதும் முதலில் எழுதுவதை இந்தத் தடவை கடைசியில் எழுதுகிறேன். மாமாவைப் பற்றித் தெரியாது. ஆடுகளைப் பற்றித் தெரியாது.

இங்கே நான் நலம்.

அத்தை